மன்னிக்கச் சொல்வது யார், ஒதுக்கப்படுவது யார்? வன்னியில் ஒரு கிறிஸ்தவப் போதனை படும் பாடு

2019 பெப்ரவரி 15ஆம் திகதி கிளிநொச்சிக்கு வந்த அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, உண்மையைப் பேசி, கவலை தெரிவித்து, ஒருவரையொருவர் மன்னித்து, பழையதை மறந்து முன்னே செல்வோம் என்ற பொருள்பட உரையாற்றினார். 'மறப்போம், மன்னிப்போம்' என்ற இரண்டு சொற்களாகச் சுருங்கி அந்தப் பேச்சு தமிழ் ஊடகங்களில் வெளிவந்தது. பத்து நாட்கள் கழித்து, பெப்ரவரி 25ஆம் திகதி, அதே கிளிநொச்சியில் பதில் கிடைத்தது. கந்தசுவாமி ஆலய முன்றலில் இரண்டு வருடங்களாகக் கொட்டகை போட்டு அமர்ந்திருந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளோடு ஆயிரக்கணக்கானோர் வீதியில் இறங்கினர். வடக்கில் கடைகள் மூடப்பட்டன. யாரை மன்னிப்பது, எதற்காக மன்னிப்பது என்று தெரியாமல் எப்படி மன்னிப்பது என்பதுதான் அந்தப் பேரணியின் அடியில் இருந்த கேள்வி.

'மறப்போம், மன்னிப்போம்' என்ற குரல் கிளிநொச்சியில் ஒலித்தது அது முதல் தடவையல்ல. 2002 ஏப்ரல் 10ஆம் திகதி, சமாதான காலத்தில் நடந்த சர்வதேச ஊடகவியலாளர் மாநாட்டில், 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது பற்றிய கேள்விக்கு, நடந்ததற்கு ஏற்கனவே மன்னிப்புக் கேட்டுவிட்டோம், பழைய தவறுகளை மறந்து மன்னிப்போம் என்ற பொருளில் அன்ரன் பாலசிங்கம் பதிலளித்தார். ஒரு தடவை தமிழர்களை நோக்கி, மறு தடவை தமிழர் தரப்பிலிருந்து முஸ்லிம்களை நோக்கி. இரண்டு தடவையும் மன்னிப்பைப் பேசியவர் அதிகாரத்தில் இருந்தவர். இரண்டு தடவையும் மன்னிக்க வேண்டியவர் வீடிழந்தவர் அல்லது பிள்ளையை இழந்தவர்.

வன்னியில் பெரும்பான்மையானோர் சைவர்கள். ஆனாலும் போருக்குப் பின்னர் மேடைகளில் பேசப்படும் மன்னிப்பு, ஒப்புரவு, நல்லிணக்கம் போன்ற சொற்களில் கிறிஸ்தவ போதனையின் வாசனை அதிகம். தென்னாபிரிக்காவை உதாரணம் காட்டும்போதும் பின்னால் நிற்பது பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் இறையியல்தான். ஆகவே அந்தப் போதனை உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்பது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய வேலையல்ல. எங்களிடம் எதைக் கேட்கிறார்கள், எதைக் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை என்று தெரிந்துகொள்வதற்கு அது தேவை.

ஒரே அதிகாரத்தில் இரண்டும்

மன்னிப்பைப் பற்றிப் பேசுபவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது, எத்தனை தடவை மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டதற்கு, ஏழு தடவையல்ல, எழுபது தடவை ஏழு தடவை என்று யேசு சொன்ன பதிலை. அது மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே அதிகாரத்தில், அதற்குச் சற்று முன்னால் இருக்கும் பகுதியைப் பலரும் வாசிப்பதில்லை. உனக்கு எதிராகக் குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே போய் அவன் குற்றத்தை எடுத்துச் சொல். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். சபைக்கும் செவிகொடுக்காவிட்டால் அவனைப் புறவினத்தானாகவும் ஆயக்காரனாகவும் கருது. திருச்சபைகளில் இருக்கும் சபை நீக்கம், தள்ளிவைத்தல் என்ற நடைமுறைகளுக்கெல்லாம் அடிப்படை இந்தப் பகுதிதான்.

அதாவது மன்னிப்பும் ஒதுக்கிவைத்தலும் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முரண். ஆனால் வரிசையைக் கவனித்தால் அது ஒரே நடைமுறையின் இரண்டு பகுதி. முதல் அடியை எடுத்து வைப்பது பாதிக்கப்பட்டவர். அவர் வாயைத் திறந்து குற்றத்தைப் பெயர் சொல்லிப் பேசுகிறார். குற்றம் செய்தவருக்குப் பதில் சொல்ல மூன்று தடவை வாய்ப்புக் கிடைக்கிறது. சாட்சிகள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டும் மறுப்பவர்தான் வெளியே நிறுத்தப்படுகிறார். லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரம் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்கிறது: தவறு செய்தவனைக் கண்டி, அவன் மனம் வருந்தினால் மன்னி.

வெளியே நிறுத்தப்பட்டவரின் கதை அங்கே முடிந்துவிடுவதும் இல்லை. ஆயக்காரனாகக் கருது என்று சொன்ன யேசு ஆயக்காரர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டவர். இந்த நற்செய்திக்குப் பெயர் கொடுத்த மத்தேயுவே ஓர் ஆயக்காரர். இன்னொரு ஆயக்காரரான சக்கேயு, யேசு தன் வீட்டுக்கு வந்ததும் தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறார். கொரிந்து சபைக்கு எழுதிய முதலாவது திருமுகத்தில் ஒருவரைச் சபையிலிருந்து விலக்கச் சொன்ன பவுலடிகளார், இரண்டாவது திருமுகத்தில், தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு அந்தத் தண்டனை போதும், துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி அவரைத் தேற்றி மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதுகிறார். ஒதுக்குவதன் நோக்கம் திரும்பி வரச் செய்வது.

கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனம் என்று அழைக்கும் ஒப்புரவு அருட்சாதனமும் இதே ஒழுங்கில்தான் நடக்கிறது. மனம் வருந்துதல், குற்றத்தை வாயால் அறிக்கையிடுதல், பாவமன்னிப்பு, பரிகாரம். திருடியவர் திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சிறுவயது மறைக்கல்வி வகுப்பிலேயே சொல்லித்தருகிறார்கள். வருத்தமும் அறிக்கையும் பரிகாரமும் இல்லாத மன்னிப்பை, ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட ஜேர்மன் போதகர் டீட்ரிச் பொன்ஹோபர் 'மலிவான கிருபை' என்று அழைத்தார்.

இந்த ஒழுங்கை வைத்துப் பார்த்தால் வன்னியில் நடந்திருப்பது தலைகீழ். வலியவர்கள் வருந்தாமலே, உண்மை சொல்லாமலே மன்னிக்கப்படுகிறார்கள். எளியவர்கள் ஒரு வார்த்தைகூட விசாரிக்கப்படாமலே ஒதுக்கப்படுகிறார்கள்.

கேட்காமலே கொடுக்கப்பட்ட மன்னிப்பு

2000 டிசம்பர் 19ஆம் திகதி மிருசுவிலில், தங்கள் வீடு காணியைப் பார்க்கப் போன சிறுவர்கள் உட்பட எட்டுப் பேர் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். 2015 ஜூனில் இராணுவச் சிப்பாய் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்குகளில் இவ்வளவு தூரம் போன வழக்குகள் மிகச் சில. 2020 மார்ச் 26ஆம் திகதி, நாடே கொரோனா ஊரடங்கில் இருந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அந்த மன்னிப்பை இறந்தவர்களின் குடும்பங்கள் கொடுக்கவில்லை.

அரசியலமைப்பு ஜனாதிபதிக்குத் தரும் அதிகாரம் அது என்பது உண்மை. ஆனால் 'மன்னிப்பு' என்ற ஒரே சொல் இரண்டு வேறு விடயங்களுக்குப் பயன்படுவதால் வரும் குழப்பத்தை இந்த இடத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும். அரசு கொடுப்பது தண்டனையிலிருந்து விடுதலை. பாதிக்கப்பட்டவர் கொடுப்பது மன்னிப்பு. முன்னையது பின்னையதற்குப் பதிலாக முடியாது. 2016 ஜனவரியில், தன்னைக் கொல்லச் சதி செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டிருந்த முன்னாள் போராளி ஒருவரை ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன விடுவித்தபோது எவரும் பெரிதாகக் குறை கூறவில்லை. அங்கே மன்னித்தவர் குறிவைக்கப்பட்ட அதே ஆள். மிருசுவிலில் மன்னித்தவருக்கு அந்த மரணங்களில் இழப்பு ஏதும் இல்லை.

சிலுவையில் தொங்கியபடியே யேசு மன்னிக்கவில்லையா, கொன்றவர்கள் மன்னிப்புக் கேட்டார்களா என்று சில போதகர்கள் கேட்பதுண்டு. அது நியாயமான கேள்வி. கிறிஸ்தவ மரபில் நிபந்தனையற்ற மன்னிப்புக்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னவர் ஆணிகளால் அறையப்பட்டவர். அருகில் நின்று பார்த்தவர்கள் அதை அவருக்காகச் சொல்லவில்லை. நிபந்தனையில்லாமல் மன்னிப்பது காயப்பட்டவரின் சுதந்திரம். அதை அவரிடம் கடமையாகக் கேட்பதற்கோ, அவர் சார்பில் எடுத்துக் கொடுப்பதற்கோ மற்றவருக்கு உரிமை இல்லை.

அப்படி மன்னித்த பின்னரும் சட்டத்தின் வேலை நின்றுவிடுவதில்லை. 1981 மே 13ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுலைச் சுட்டவர் மெஹ்மெத் அலி அக்சா. அடுத்த சில நாட்களிலேயே பாப்பரசர் அவரை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே போய் அவரோடு தனியே பேசினார். ஆனால் அக்சா இத்தாலியில் பொதுமன்னிப்புப் பெற்றது 2000ஆம் ஆண்டில்தான். மன்னிக்கப்பட்ட ஒருவர் ஏறத்தாழ 19 வருடங்கள் சிறையில் இருந்தார். மன்னித்தால் நீதி கேட்கக்கூடாது, நீதி கேட்டால் மன்னிக்காதவர் என்று எங்களுக்குச் சொல்லப்படுவது எவ்வளவு பொருளற்றது என்பதற்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

கர்தினால் நடந்த வழி

இதே பாடத்தை இலங்கைத் திருச்சபை தன் சொந்தக் காயத்திலிருந்தும் கற்றது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தின் தலைமைப் போதகர், காயமும் கோபமும் இருந்தாலும் தாக்கியவர்களை மன்னிக்கிறோம் என்று சில நாட்களிலேயே சொன்னார். அவருடைய சபையின் பிள்ளைகள் அதில் இறந்திருந்தனர். 2020 ஏப்ரல் 12ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு மறையுரையில் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் தாக்குதல்காரர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. பின்னணியில் இருந்தவர்கள் யார் என்ற கேள்விக்குப் பதில் வராதபோது, 2021 மார்ச் 7ஆம் திகதியைக் கறுப்பு ஞாயிறாக அனுஷ்டிக்கச் சொன்னார். 2022 மார்ச்சில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் முன் நின்று பேசினார். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மன்னித்த பிறகு உண்மையைக் கேட்பது மன்னிப்பை மீளப் பெறுவது அல்ல என்பதை கர்தினால் தன் செயலாலேயே காட்டினார்.

அதே கர்தினால்தான் 2012இல் போர் தொடர்பான ஜெனீவாத் தீர்மானத்தை நாட்டின் இறைமையில் தலையிடுவதாகக் கண்டித்தவர். உயிர்த்த ஞாயிறுக்குச் சர்வதேசத்தின் கதவு திறக்கலாம், முள்ளிவாய்க்காலுக்குத் திறக்கக்கூடாது என்ற நிலை அது. இதைச் சொல்வது அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. கட்டுவாப்பிட்டியில் பிள்ளையை இழந்த தாய்க்கு உள்ள உரிமை வட்டுவாகலில் பிள்ளையைக் கையளித்த தாய்க்கும் உண்டு என்று தென்னிலங்கைத் திருச்சபை உரத்துச் சொல்லும் நாளுக்காகத்தான் வடக்கு கிழக்குக் கத்தோலிக்கர் காத்திருக்கிறார்கள்.

வட்டுவாகல் திருச்சபைக்கும் சொந்தக் காயம். 2009 மே 18ஆம் திகதி சரணடைந்தவர்களோடு இராணுவத்தின் பக்கம் போனவர் யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் யோசப். இன்றுவரை அவர் திரும்பவில்லை. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் ஆணைக்குழுவின் முன், அரச செயலகங்களின் பதிவுகளையே அடிப்படையாக வைத்து, வன்னியில் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலே 2021 ஏப்ரல் 1ஆம் திகதி அவர் காலமானார். மத்தேயு 18 சொல்லும் ஒழுங்கில், குற்றத்தைப் பெயர் சொல்லிப் பேசும் முதல் அடியை அவர் எடுத்து வைத்தார். அடுத்த அடி எடுக்க வேண்டியவர்கள் எடுக்கவில்லை.

2015 ஜனவரி 14ஆம் திகதி மடுத் திருத்தலத்துக்கு வந்த பாப்பரசர் பிரான்சிஸ் மன்னிப்பைப் பற்றித்தான் பேசினார். ஆனால் அவர் மறக்கச் சொல்லவில்லை. செய்த தீமையைச் சிலுவையின் வெளிச்சத்தில் உணர்ந்து உண்மையாக வருந்தினால்தான் மன்னிப்புக் கேட்கவும் கொடுக்கவும் முடியும் என்பதே அங்கே அவர் சொன்னதன் சாரம். பின்னர் அந்த உரையிலிருந்து 'மன்னிப்பு' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, 'வருந்துதல்' என்ற சொல்லை விட்டுவிட்டவர்கள் பலர்.

விசாரிக்காமலே ஒதுக்கப்பட்டவர்கள்

இதுவரை பேசியது எங்களுக்கு வெளியே. வீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது.

போருக்குப் பின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு என்ற பெயரில் தடுத்து வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டனர். அவர்களில் 2,000க்கும் மேற்பட்டோர் பெண்கள், 594 பேர் சிறுவர்கள். ஊருக்குத் திரும்பியபோது இவர்களை வரவேற்றது 'தடுப்பில இருந்து வந்தவர்' என்ற பெயர். பெண் என்றால் தடுப்பில் என்ன நடந்ததோ என்ற சந்தேகம் வேறு. கலியாணப் பேச்சு வரும்போது அந்தப் பெயர் முன்னால் போய் நிற்கிறது. கடனுக்கும் வேலைக்கும் பிணை நிற்க ஆள் கிடைப்பதில்லை. செத்தவீட்டுக்குப் போனால் இருக்கச் சொல்வார்கள், ஆனால் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள். மாதர் சங்கத்திலும் கோயில் சபையிலும் பெயர் கொடுத்தால், பிரச்சினை வரும், வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லி அனுப்புவார்கள்.

இந்த ஒதுக்கல் முழுவதும் மனதில் ஈரமில்லாததால் வருவது என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பயம் ஒரு முக்கிய காரணம். புனர்வாழ்வு முடிந்த பிறகும் புலனாய்வுத்துறையினர் வீடு தேடி வந்தார்கள், யாரோடு கதைக்கிறார் என்று விசாரித்தார்கள். அந்த வீட்டுப் படலையைத் திறப்பவர் தன் பெயரும் ஒரு கொப்பியில் ஏறும் என்று நினைப்பது இயல்பு. சிலர் தகவல் கொடுப்பவர்களாக மாற்றப்பட்டிருக்கலாம் என்ற ஐயமும் சேர்ந்துகொள்ளும். இப்படிக் கண்காணிப்பு தொடர்ந்ததால், அரசு வாயால் சொல்லாமலே அவர்கள் ஊரிலிருந்து விலக்கப்பட்டார்கள். அதை நடைமுறைப்படுத்தியவர்கள் நாங்கள்.

இன்னும் கடினமான ஒன்று உண்டு. 2009 மார்ச் இறுதியில் வலைஞர்மடம் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த இளைஞர் யுவதிகளைப் புலிகள் பலவந்தமாக ஏற்றிச் சென்றனர். இறுதி மாதங்களின் கட்டாய ஆட்சேர்ப்பை 2015இல் வெளியான ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் விசாரணை அறிக்கையும் பதிவு செய்திருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டு வந்தவர்களும், பங்கருக்குள் ஒளித்த பிள்ளையை இழுத்துச் சென்றவர்களும் எல்லோரும் இறந்துவிடவில்லை. சிலர் அதே ஊரில், அதே சந்தையில் இருக்கிறார்கள். பிள்ளையைக் கொடுத்த தாய் அவர்களைக் காண்கிறாள். அந்தப் பிடிகாரரிலும் பலர் மேலிருந்து வந்த கட்டளைக்குப் பணிந்தவர்கள், சிலர் பிடிக்கப்பட்ட பிள்ளைகளே.

மத்தேயு 18 எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும் இடம் இதுதான். இரு தரப்பும் ஒரே சமூகம். ஒருவரையொருவர் பெயர் தெரியும். தனியே போய்ப் பேசலாம், சாட்சி வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே நடப்பது பேச்சில்லாத ஒதுக்கல். கேள்வி கேட்கப்படுவதில்லை, பதில் சொல்லப்படுவதில்லை, கதைபேச்சு மட்டும் இல்லை. இதைப் பேசினால் அரசுக்கு ஆயுதம் கொடுத்ததாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அந்த அச்சத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் ஒருவர், ஆம், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன் என்று தாயிடம் சொன்னால் அந்த வாக்குமூலம் எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சட்டம் நீக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கைக்கு இது இன்னுமொரு காரணம். அது கைதுகளுக்கு மட்டும் வழி செய்யவில்லை, ஊருக்குள் உண்மை பேசப்படுவதையும் தடுத்து வைத்திருக்கிறது.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எவரிடமும் வெளியிட முடியாது. அதனால் சிலர் தங்கள் பாரத்தை அங்கே இறக்கியிருக்கக்கூடும். ஆனால் பிள்ளையின் கடைசி நாட்களைத் தெரிந்துகொள்ள விரும்பும் தாய் அந்தத் திரைக்கு வெளியேதான் இருக்கிறாள். பரிகாரமாகச் சில செபங்களைச் சொல்லச் சொல்வதைவிட, அந்தத் தாய்க்கு உண்மையைச் சொல்ல ஒரு வழியைத் தேடு என்று குரு சொல்ல முடியும். பரிகாரம் என்ற சொல்லின் முழுப் பொருள் அதுதான்.

ஒதுக்குதல் எப்போது நியாயமாகும்?

ஒதுக்கிவைத்தலே தவறு என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. தென்னாபிரிக்காவில் நிறவெறிக்கு வேதாகம விளக்கம் கொடுத்த டச்சு சீர்திருத்தத் திருச்சபையை, 1982இல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக ஒன்றியம் இடைநிறுத்தியது. நிறவெறிக்கு நியாயம் கற்பிப்பது வெறும் அரசியல் பிழையல்ல, விசுவாசத்துக்கே முரணானது என்று அறிவித்தது. நிறவெறியை அந்தத் திருச்சபை தெளிவாக நிராகரித்த பிறகு, 1990களின் பிற்பகுதியில்தான் கதவு மீண்டும் திறந்தது. காரணம் சொல்லப்பட்டது, திரும்பி வரும் வழி காட்டப்பட்டது, வலிய தரப்பின் மேல் அது பிரயோகிக்கப்பட்டது.

தென்னாபிரிக்காவை எங்களுக்கு உதாரணம் காட்டுபவர்கள் இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். அங்கே உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் பொதுமன்னிப்புக் கேட்டு வந்த விண்ணப்பங்கள் 7,112. கொடுக்கப்பட்டது 849 பேருக்கு மட்டும். செய்த குற்றத்தை முழுமையாக வெளியிடுவது அதற்கு நிபந்தனை. அந்த ஏற்பாட்டிலும் குறைகள் இருந்தன, ஆனால் வாய் திறக்காதவருக்கு மன்னிப்பு இல்லை என்ற விதி இருந்தது.

இலங்கையில் திருச்சபை விலக்கத்தின் மிகத் தெரிந்த உதாரணம் அருட்தந்தை திஸ்ஸ பாலசூரிய. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அந்தக் குரு, மரியாவைப் பற்றி எழுதிய நூலுக்காக 1997 ஜனவரியில் விலக்கப்பட்டார். ஒரு வருடத்துக்குப் பின் விலக்கம் நீக்கப்பட்டது. ஒரு நூலுக்காகக் கத்தோலிக்க மரபின் மிகக் கடுமையான கருவி எடுக்கப்பட்ட அதே நாட்டில், பொதுமக்கள் தஞ்சமடைந்த கோயில்கள் மேல் எறிகணை விழுந்ததற்காக எவரும் நற்கருணையிலிருந்து தள்ளி வைக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவின் அமிஷ் சமூகம் இரண்டையும் கடைப்பிடிக்கிறது. 2006 ஒக்டோபர் 2ஆம் திகதி பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் பள்ளியில் ஒருவர் பத்துச் சிறுமிகளைச் சுட்டு, ஐவர் இறந்தனர். சுட்டவர் தன்னையும் மாய்த்துக்கொண்டார். அமிஷ் பெரியவர்கள் சில மணிநேரத்திலேயே கொலையாளியின் குடும்பத்தைத் தேடிப் போய் ஆறுதல் சொன்னார்கள், அவருடைய அடக்கத்திலும் கலந்துகொண்டார்கள். ஆனால் அதே சமூகம், ஞானஸ்நானத்தில் கொடுத்த வாக்கை மீறும் தன் சொந்தப் பிள்ளையைப் பந்தியிலிருந்து விலக்கி வைக்கிறது. வெளியாருக்குத் தாராளமாகவும் தன் வீட்டாருக்குக் கடுமையாகவும் இருப்பது மனிதருக்கு எவ்வளவு எளிது என்பதை அது காட்டுகிறது. வன்னியில் அந்தச் சிக்கல் எங்களுக்கும் இருக்கிறது.

நாங்கள் கேட்க வேண்டியது

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். முல்லைத்தீவின் நீராவிப்பிட்டியும் தண்ணீரூற்றும் அதில் அடக்கம். 2002இல் கிளிநொச்சியில் சொல்லப்பட்டது ஒரு தொடக்கம். ஆனால் சக்கேயுவின் அளவுகோலில் அது அரைவாசிதான். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் பகுதி மிச்சம் இருந்தது. போருக்குப் பின் அவர்கள் திரும்பி வந்தபோது முல்லைத்தீவில் மீள்குடியேற்றக் காணி தொடர்பாக எழுந்த எதிர்ப்புகளில், காணிச் சட்டக் கேள்விகளோடு வரவேற்பில்லாத மனமும் கலந்திருந்ததை மறுக்க முடியாது. எங்களிடம் மன்னிப்புக் கேட்காமல் மறக்கச் சொல்லும் அரசை நாங்கள் நிராகரிக்கிறோம் என்றால், அதே அளவுகோலை எங்கள் மேலும் வைக்க வேண்டும். அப்படி வைப்பதால் எங்கள் கோரிக்கை பலவீனப்படாது.

வடக்குத் திருச்சபைகள் ஜெனீவாவையோ கொழும்பையோ காத்திராமல் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. யாழ். மறைமாவட்டத்தின் கீழ் வரும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பங்குகளும், மன்னார் மறைமாவட்டத்தின் கீழ் வரும் வவுனியாப் பங்குகளும், மெதடிஸ்த, தென்னிந்திய, சுயாதீன சபைகளும் தங்கள் நிர்வாகக் குழுக்களிலும் மாதர் சங்கங்களிலும் தடுப்பிலிருந்து வந்தவர்களுக்கு வெளிப்படையாக இடம் கொடுக்கலாம். ஒரு போதகரோ குருவோ அந்த வீட்டுப் படலையைப் பகலில் திறந்து போய்த் தேநீர் குடித்தால், பின்னால் நாலு வீட்டார் போவார்கள். பிள்ளையை இழந்த தாயும் அந்தக் காலத்தில் பொறுப்பில் இருந்தவரும் அச்சமின்றிச் சந்தித்துப் பேச, இருவரும் நம்பும் ஒருவரைச் சாட்சியாக வைத்து ஒரு இடம் ஏற்படுத்திக் கொடுக்கலாம். அந்தச் சந்திப்பில் மன்னிப்பை எவரும் எதிர்பார்க்கக்கூடாது. உண்மையைத் தெரிந்துகொண்ட பின் மன்னிப்பதா இல்லையா என்பது அந்தத் தாயின் முடிவு. மன்னிக்காததால் அவளுடைய விசுவாசம் குறைந்தது என்று எந்தப் பிரசங்க மேடையிலும் சொல்லப்படக்கூடாது.

2023 ஜூன் இறுதியில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்காக மண்ணைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அகழ்வு முடிந்தபோது எடுக்கப்பட்டவை 52 பேரின் எச்சங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா கொட்டகைகளில் 2017 முதல் இருந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் இன்னும் கேட்பது பிள்ளை எங்கே என்பதைத்தான். அதற்குப் பதில் தராமல் மன்னிப்பைப் பற்றிப் பேச வரும் எவருக்கும், அவர் அரசியல்வாதியானாலும் ஆயரானாலும், மத்தேயு 18ஐ முதல் வசனத்திலிருந்து வாசித்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல அந்தத் தாய்மாருக்கு உரிமை உண்டு.